குலதெய்வம் தேடிக் கோடுவரை துப்பிய கதை

கடவுள் புத்தியைப் பங்குவைத்த அன்று வழிமறிச்சான்பட்டிக்காரர்கள் சந்தைக்குப் போயிருந்தார்கள் என்று பக்கத்து ஊர்களில் சொல்வார்கள். அது வேண்டாதவர்கள் கட்டிவிட்டது. அன்று அவர்கள் ஊரில்தான் இருந்தார்கள். வரிசையிலும் நின்றார்கள். முறை வந்தபோது, "மூத்தவங்க மொதல்ல வாங்கட்டும்" என்று தம்பி ஒதுங்கினான். "சின்னப்பய வாங்கட்டும், நமக்கென்ன அவசரம்" என்று அண்ணன் ஒதுங்கினான். அதற்குள் வண்டி கிளம்பிப் போய்விட்டது. மரியாதையால் வந்த நஷ்டம். அதைப் போய்க் குறையாகச் சொல்லக் கூடாது.

அந்த ஊரிலேயே மரியாதைக்குப் பேர்போன வீடு தவசியாண்டி வீடு. உடன்பிறந்தவர்கள் நான்கு பேர். மூத்தவர் தவசியாண்டி, அடுத்தவர் சங்கிலி, மூன்றாமவர் வெயிலுமுத்து, கடைக்குட்டி பூவலிங்கம். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே சோப்பு. தவசியாண்டி யோசிப்பார். சங்கிலி அதை ஆமோதிப்பார். வெயிலுமுத்து பேப்பர் படிப்பார். பூவலிங்கத்துக்குக் கல்யாணம் ஆகவில்லை. இப்படியாக அவரவருக்கு ஒரு வேலை இருந்தது.

பூவலிங்கத்துக்கு வயது முப்பத்தொன்பது. அவன் பார்த்துவிட்டு வந்த பெண்களின் பிள்ளைகளெல்லாம் இப்போது பள்ளிக்கூடம் போகின்றன. கடைசியில் ஒரு ஆவணி மாதம், சோளக்குளத்தில் தையல்கடை வைத்திருந்த செவ்வந்தியின் ஜாதகம் தகைந்து வந்தது. அவளுக்கு முப்பத்து நான்கு. பெண் பார்க்கப் போன இடத்தில் இரண்டு பேரையும் தனியாகப் பேசச் சொல்லி அடுப்படிப் பக்கம் விட்டார்கள்.

"தலைக்கு டை அடிச்சிருக்கீங்களோ?" என்று கேட்டாள் செவ்வந்தி.

"ஆமா," என்றான் பூவலிங்கம். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரிந்திருந்தால் எப்போதோ கல்யாணம் ஆகியிருக்கும்.

"காதுல ஒட்டியிருக்கு. அடுத்த தடவ நான் அடிச்சுவிடுதேன்."

அந்த 'அடுத்த தடவ'யைத்தான் அவன் ஊர் திரும்புகிறவரை வாய்க்குள் வைத்துச் சுவைத்துக்கொண்டே வந்தான்.

ஆனால் கிளம்புகிற நேரத்தில் செவ்வந்தியின் அப்பா கொம்பையா ஒரு கேள்வி கேட்டிருந்தார்.

"எல்லாம் சரி அண்ணாச்சி. உங்களுக்குக் குலதெய்வம் எது?"

"தெரியாதே" என்றார்கள் நான்கு பேரும். அந்த வீட்டில் குலதெய்வத்தின் பெயர் யாருக்கும் தெரியாது. தவசியாண்டி தன் அப்பாவிடம் கேட்டபோது, "அப்புறம் சொல்லுதேன்" என்றார். அவர் தன் அப்பாவிடம் கேட்டபோதும் அதே பதில்தான் கிடைத்ததாம். தலைமுறை தலைமுறையாக அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் ஒரு எழுத்து குறையாமல் காப்பாற்றிக் கொடுத்திருந்தார்கள்.

"தெரியாதுன்னா எப்படி?" என்றார் கொம்பையா. "ஒரே குலதெய்வம்னா ஒரே வம்சம். பங்காளியாயிரும். நாளைக்கு எங்க சாமியும் உங்க சாமியும் ஒண்ணுன்னு தெரிஞ்சா, அண்ணனுக்கே தங்கச்சியக் கட்டிவச்ச பாவம் என் தலையில. கார்த்திகை முடியறதுக்குள்ள கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. மார்கழியில கல்யாணம் கிடையாது. தை பிறந்தா வழி பிறக்கும், ஆனா அது வேற மாப்பிள்ளைக்கு."

வீட்டுக்கு வந்து நான்கு நாள் யோசித்தார் தவசியாண்டி. சங்கிலி நான்கு நாளும் ஆமோதித்தார். ஐந்தாம் நாள் வெயிலுமுத்து வடை மடித்து வந்த காகிதத்தைப் பிரித்து, எண்ணெய்க் கறைக்கு நடுவில் இருந்த விளம்பரத்தைப் படித்தார்.

"உங்கள் முன்னோர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள்? டி.என்.ஏ. பரிசோதனையில் அறியலாம். கொஞ்சம் உமிழ்நீர் போதும்."

"எச்சில்ல எப்படிண்ணே நம்ம தாத்தா இருப்பாரு?" என்றார் சங்கிலி.

தவசியாண்டி கண்ணை மூடித் திறந்தார். "தாத்தாவுக்கு வெத்தலை போடுற பழக்கம் உண்டு. எச்சில் மிச்சம் இருந்திருக்கும். மத்த சொத்து வந்த மாதிரி அதுவும் கைமாறி வந்திருக்கு."

"ஆமாண்ணே. சரியாத்தான் இருக்கு," என்றார் சங்கிலி.

தபாலில் பெட்டி வந்தது. உள்ளே மூடி போட்ட ஒரு சின்னக் குழாய். அதில் ஒரு கோடு. கூடவே தமிழில் அச்சடித்த வழிமுறை. வழிமறிச்சான்பட்டிக்காரர்கள் அச்சில் வந்ததை மீற மாட்டார்கள்.

"உமிழ்நீர் எடுப்பதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே உண்பது, பருகுவது, புகைபிடிப்பது ஆகியவற்றை நிறுத்திவிட வேண்டும்," என்று படித்தார் வெயிலுமுத்து.

"உண்ணுறத நிறுத்தலாம். பருகுறத நிறுத்தலாம். நம்ம வீட்டுல யாரும் பீடி குடிக்கிறதில்லையே. குடிக்காதவன் எப்படி நிறுத்துறது?" என்றார் தவசியாண்டி.

சிக்கலான இடம்தான். அண்ணன் தம்பிகள் கூடிப் பேசி, வெயிலுமுத்தைப் புகைபிடிக்க ஆரம்பிக்கச் சொன்னார்கள். அவர் முதல் நாளே ஒரு கட்டு பீடி வாங்கி, இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்து, மறுநாள் சரியான நேரத்தில் நிறுத்தினார். வீடே அவரைப் பாராட்டியது. வைராக்கியம் உள்ள மனிதர் என்றார்கள்.

அடுத்த சிக்கல், யார் துப்புவது என்பது.

"மாப்பிள்ளை நான்தானேண்ணே," என்றான் பூவலிங்கம் மெதுவாக.

"மாப்பிள்ளைதான். அதுக்காக மூத்தவர் முன்னால நீ துப்புவியாடா?" என்றார் சங்கிலி.

பூவலிங்கம் வெட்கிப்போனான். அந்த வீட்டில் அண்ணன் எதிரில் தம்பி கால்மேல் கால் போட்டதில்லை. துப்புவதாவது.

"அப்ப அண்ணன் மட்டும் துப்பட்டும்," என்றார் வெயிலுமுத்து.

"நான் தனியாத் துப்புனா ஊர் என்ன பேசும்?" என்றார் தவசியாண்டி. "தவசியாண்டி தம்பிகள விட்டுட்டுத் தனியாத் துப்பிட்டான், வீடு ரெண்டாச்சும்பாங்க. நான் உசுரோட இருக்கற வரைக்கும் அது நடக்காது."

ஆகவே ஒரு பித்தளைச் சொம்பை எடுத்தார்கள். மூத்தவர் துப்பினார். மற்ற மூவரும் ஒவ்வொருவராகத் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அண்ணனைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு பணிவாகத் துப்பினார்கள். எல்லாவற்றையும் கலக்கி, கோடு வரை குழாயில் ஊற்றினார்கள். தவசியாண்டியின் மனைவி பிச்சம்மாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சொம்பு இனிமே வீட்டுக்குள்ள வரக் கூடாது," என்று மட்டும் சொன்னாள்.

'குழாயை மூடி நன்றாகக் குலுக்கவும்' என்று கடைசி வரியில் இருந்தது. கையால் குலுக்கிப் பார்த்தார்கள். நன்றாக என்று சொல்லும்படி இல்லை. அந்த வட்டாரத்தில் நன்றாகக் குலுக்குவது மினிபஸ் ஒன்றுதான். சங்கிலி குழாயை மடியில் கட்டிக்கொண்டு ஏறினார். அவர் கெட்ட நேரம், அன்றைக்குப் பார்த்து ரோட்டுக்குப் புதுத் தார் போட்டிருந்தார்கள். வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

"ஒரு குலுக்கல் கூட இல்லையே தம்பி," என்று கண்டக்டரிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

இத்தனை வருட வேலையில் இப்படி ஒரு புகாரைக் கேட்டறியாத அந்தக் கண்டக்டர், கல்குவாரி வழியாகப் போகிற வண்டியில் ஏற்றிவிட்டார். சங்கிலி திரும்பி வரும்போது குழாய் நன்றாகத்தான் இருந்தது. அவருக்குத்தான் இடுப்பு பிடித்திருந்தது.

சில வாரம் கழித்து கம்பெனியிலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள்.

"சார், நீங்க அனுப்பினதுல நிறையப் பேரோட சாம்பிள் ஒண்ணாக் கலந்திருக்கு. எங்களால பிரிச்சுப் பாக்க முடியல."

"மிஷின் வச்சுப் பாத்தீங்களாம்மா?"

"மிஷின் வச்சுத்தான் சார் பாத்தோம்."

தவசியாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. போனைக் கீழே வைத்துவிட்டுத் தம்பிகளைப் பார்த்தார். "கேட்டீங்களாடா. மிஷின் வச்சும் நம்மளப் பிரிக்க முடியலயாம்."

அன்று தெரு முழுவதற்கும் சேவும் மிட்டாயும் கொடுத்தார்கள். இந்தக் காலத்திலும் இப்படி ஒரு குடும்பமா என்று ஊரே வியந்தது. குலதெய்வம் இன்னும் தெரியவில்லை என்பது பூவலிங்கத்துக்குத்தான் மூன்றாம் நாள் ஞாபகம் வந்தது. அவனும் அதை அண்ணனிடம் சொல்லக் கூச்சப்பட்டு மதினியிடம் சொன்னான். பிச்சம்மாளே போன் போட்டு இன்னொரு குழாய் அனுப்பச் சொன்னாள். இந்தத் தடவை பூவலிங்கம் வைக்கோல்போருக்குப் பின்னால் போய்த் தனியாகத் துப்ப அண்ணன் அனுமதி கொடுத்தார். அவன் துப்பி முடிக்கும்வரை மற்ற மூவரும் இந்தப் பக்கம் நின்று ஒற்றுமைக்காகச் சும்மா துப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஐப்பசி மழைக்கு நடுவில் முடிவு வந்தது. வழவழப்பான காகிதத்தில் ஒரு உலக வரைபடம். அதன் மேல் சிவப்பு அம்புக்குறி. வெயிலுமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"உங்கள் முன்னோர்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டு, கடலோரமாக நடந்து, தென்னிந்தியா வந்து சேர்ந்தார்கள்."

தவசியாண்டி அம்புக்குறியின் மேல் விரலை ஓட்டினார்.

"நடந்தேவா?" என்றார் தவசியாண்டி.

"நடந்துன்னுதான் போட்டுருக்கான்."

"அதாண்ணே எனக்கு முழங்கால் வலி விட மாட்டேங்குது," என்றார் சங்கிலி. அவருக்கு அது நெடுநாள் சந்தேகம்.

ஆக, குலதெய்வம் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. அதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் கல்யாணத்துக்கு முன் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வேண்டுமே. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் அந்தக் கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்து வந்து, ஊரிலேயே வைத்துக் கும்பிடுவது வழக்கம். பிடிமண் என்பார்கள். ஆப்பிரிக்காவுக்குப் போய் யார் பிடிமண் எடுத்து வருவது?

தவசியாண்டி ஒரு நாள் முழுக்க வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைத் தரையில் விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தார். ஊருணிக்கரைச் செம்மண்ணை ஒரு கூடை கொண்டுவரச் சொல்லி, ஆப்பிரிக்காவின் மேல் கொட்டினார். சூடம் காட்டி, விழுந்து கும்பிட்டு, அதிலிருந்து ஒரு பிடி எடுத்து மஞ்சள் துணியில் முடிந்தார்.

"எங்க எடுத்த மண்ணுடா இது?"

"ஆப்பிரிக்காவுல எடுத்ததுண்ணே," என்றார்கள் தம்பிகள். கண்ணால் பார்த்தவர்களாயிற்றே.

ஓரம் கொஞ்சம் சிந்தி அரபிக்கடலில் கிடந்த மண்ணை மட்டும் வேண்டாம் என்று தட்டிவிட்டார்கள்.

கொம்பையா நேரில் வந்து பிடிமண்ணைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சாமி பேர் என்ன அண்ணாச்சி?"

"சாமி பேர் போடல. ஊர் பேர்தான் போட்டுருக்கு."

"அதுவே பெருசு. எங்க குலதெய்வம் ரெண்டு ஊர் தள்ளித்தான். டீ குடிக்கப் போறவன் கூடக் கும்பிட்டுட்டு வந்துரலாம்."

கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம் என்று முடிவானது. பூவலிங்கம் சட்டைக்கு அளவு கொடுத்தான். ஆனால் கொம்பையாவுக்கு உள்ளுக்குள் ஒரு பொறாமை. சம்பந்தக்காரருக்கு வெளிநாட்டில் குலதெய்வம், தனக்கு டீக்கடைப் பக்கத்தில். தனக்கும் வெளியில் எங்காவது பெரிய இடம் இருக்குமோ என்று யாரிடமும் சொல்லாமல் அவரும் ஒரு குழாய் வாங்கித் துப்பித் தபாலில் போட்டார்.

கார்த்திகை பிறந்ததும் அவருடைய காகிதம் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வழிமறிச்சான்பட்டிக்கு வந்து சேர்ந்தார். முகம் வெளுத்திருந்தது. இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்தார்கள்.

"அச்சு ஒண்ணுபோல இருக்கே."

"அம்புக்குறியும் ஒண்ணுபோல இருக்கு."

"அவங்களும் நடந்துதான் வந்திருக்காங்க," என்றார் சங்கிலி.

தவசியாண்டி கம்பெனிக்குப் போன் போட்டார். அதே பெண்தான் எடுத்தாள். "சார், முதல் பக்கத்துல எல்லாருக்கும் அந்தப் படம்தான் சார் வரும். உலகத்துல இருக்கற எல்லா மனுசங்களும் அங்க இருந்து கிளம்பினவங்கதான்."

அவர் போனை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"என்னண்ணே?"

"உலகத்துல உள்ள எல்லாரும் நமக்குப் பங்காளியாம்."

"பங்காளின்னா தீட்டு உண்டே," என்றார் வெயிலுமுத்து. "இனிமே உலகத்துல எவன் செத்தாலும் நமக்குத் தீட்டாண்ணே?"

"தினம் எவனாவது செத்துக்கிட்டுத்தானே இருப்பான். அப்ப கோயிலுக்கே போக முடியாதே," என்றார் சங்கிலி. "மொட்டை போட்டு மொட்டை போட்டுத் தலைமுடியும் வளர்க்க முடியாது."

கொம்பையா தலையில் கை வைத்தார். "தீட்டு கிடக்கட்டும் அண்ணாச்சி. எம்மவ உங்க தம்பிக்குத் தங்கச்சி முறை ஆயிட்டாளே."

விஷயம் ஊருக்குள் பரவியது. புருஷன் பெண்டாட்டிகள் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்தார்கள். தவசியாண்டி நியாயம் தவறாதவர். சாப்பிட உட்கார்ந்ததும், தலையைக் குனிந்துகொண்டு, "தங்கச்சி, கொஞ்சம் ரசம் ஊத்து" என்றார்.

பிச்சம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "தங்கச்சியா? சரி அண்ணாச்சி. இத்தன வருசமாப் பொங்கச் சீர் ஒண்ணும் வரலையே. பானை, கரும்பு, மஞ்சக்கொலை, சேலை. எல்லாத்தையும் எப்ப எறக்கி வைக்கப் போறீங்க?"

தவசியாண்டி ரசம் இல்லாமலே சாப்பிட்டு எழுந்து, வெளியே வந்து தீர்ப்புச் சொன்னார். "கட்டுனது கட்டுனதுதான். இனிமே கட்டப்போறதுதான் தப்பு."

ஊர் நிம்மதியாக மூச்சு விட்டது. ஊரிலேயே இனிமேல் கட்டப்போகிறவனாக இருந்தது பூவலிங்கம் ஒருத்தன்தான்.

செவ்வந்தி அவனுக்குப் போன் போட்டாள். "அந்தப் பேப்பர்ல என் பேரு போட்டுருக்கா?"

"இல்ல."

"அப்ப நான் உங்களுக்குத் தங்கச்சின்னு எவன் சொன்னான்?"

"உலகமே சொல்லுதாம்."

செவ்வந்தி தையல் மிஷினை நிறுத்தினாள். "உங்க வீட்டுல எல்லாருமே இப்படித்தானா, இல்ல நீங்க மட்டுமா?"

"எல்லாரும் ஒண்ணுபோலத்தான். மிஷின்லயே பிரிக்க முடியலன்னுட்டாங்க."

"எங்க அப்பாவும் இந்த ரகம்தான். எனக்குப் பழகிப்போச்சு. புத்தியுள்ள வீட்டுக்குப் போயி இனிமே புதுசாப் பழக என்னால முடியாது. கல்யாணத்துக்கு ரவிக்கை தச்சு முடிச்சாச்சு. அதப் பிரிக்க மாட்டேன். முகூர்த்தத்துக்குள்ள ஒரு வழியப் பாருங்க."

பூவலிங்கம் அண்ணன்மார் முன்னால் போய் நின்று அழுதான். அதுவும் மரியாதையாக, முகத்தைத் திருப்பிக்கொண்டு. அப்போதுதான் அதுவரை ஆமோதித்து மட்டுமே பழகிய சங்கிலி, பிறந்ததிலிருந்து முதல் தடவையாகத் தானாக ஒன்று சொன்னார்.

"தத்துக் குடுத்தா குலம் மாறும்லண்ணே?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். ஆமோதிக்க வேண்டியவரே பேசிவிட்டதால், அதை ஆமோதிக்க யாரும் இல்லாமல் கொஞ்ச நேரம் போனது. பிறகு தவசியாண்டியே, "சரியாத்தான் இருக்கு" என்றார்.

செவ்வந்தியை வேறு குலத்துக்குத் தத்துக் கொடுத்துவிட்டால், அவள் அந்தக் குலத்துப் பெண். பங்காளி முறை அறுந்துவிடும். ஆனால் வேறு குலம் எங்கே இருக்கிறது? ஆப்பிரிக்காவிலிருந்து வராத ஒருவர் வேண்டுமே. பஸ் ஸ்டாண்டில் நின்று, "நீங்க ஆப்பிரிக்காவா?" என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் விசாரித்தார்கள். இல்லை, கோவில்பட்டி என்றார்கள் சிலர். கோவில்பட்டிக்கு முன்னால் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. சிலர் பதில் சொல்லாமல் முறைத்துவிட்டுப் போனார்கள்.

நொந்துபோய் எல்லாரும் கொம்பையா வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு காலையில், தெருமுனையில் உருமிச் சத்தம் கேட்டது. ரங்கையா என்பவர் தன் பூம்பூம் மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதன் முதுகில் பல நிறத்துச் சேலைகள், கொம்பில் சலங்கை. மாட்டின் பெயர் ராமையா.

"இந்த வீட்டுல நல்ல காரியம் நடக்கப் போகுது. நடக்குமா, சொல்லு ராமையா," என்றார் ரங்கையா.

ராமையா தலையை ஆட்டியது.

தவசியாண்டி எழுந்து நின்றார். மாட்டை மேலும் கீழும் பார்த்தார். தோள்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா ஆப்பிரிக்காவுல இருந்து வந்தவுகளா?" என்று கேட்டார்.

ராமையா தலையை ஆட்டியது.

"இவுகளுமா," என்று உட்கார்ந்துவிட்டார்.

"அது எதைக் கேட்டாலும் ஆட்டும் சாமி," என்றார் ரங்கையா.

"அப்ப வாய்வார்த்தைய நம்ப முடியாது," என்றார் வெயிலுமுத்து. "எச்சில்தான் சாட்சி."

கம்பெனியிடம் அவசரம் என்று சொல்லிப் புதுக் குழாய் வாங்கினார்கள். முடிவு வரும்வரை ரங்கையாவுக்குச் சோறும் ராமையாவுக்கு வைக்கோலும் போட்டுச் சோளக்குளத்திலேயே நிறுத்திவைத்தார்கள். துப்பச் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. குழாயைக் கிட்டே கொண்டுபோனதும் நிரம்பி, கோட்டைத் தாண்டி, பிடித்திருந்த சங்கிலியின் முழங்கை வரை வந்தது.

"நம்ம நாலு பேரும் சேந்து துப்புனதுக்கு மேல வந்திருக்கே," என்றார் அவர் மரியாதையோடு.

முகூர்த்தத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது வெயிலுமுத்தின் போனுக்குச் செய்தி வந்தது. 'நீங்கள் அனுப்பியது மனித மாதிரி அல்ல. தயவுசெய்து எங்கள் நேரத்தை வீணாக்காதீர்கள்.'

"கம்பெனிக்காரனே எழுதிக் குடுத்துட்டான்," என்றார் தவசியாண்டி. "மனுச வம்சம் இல்ல. பங்காளியும் இல்ல."

செவ்வந்தியிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவள் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து ராமையாவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"எங்க அப்பாவுக்கு இவரு எவ்வளவோ மேல். குறுக்க பேச மாட்டாரு," என்றாள். "சீக்கிரம் ஆகட்டும்."

மஞ்சள் தண்ணீர் விட்டுத் தத்துக் கொடுத்தார்கள். "இனிமே இவ உம்ம மக. சம்மதமா?" என்று கொம்பையா கேட்டார். ராமையா சம்மதித்தது. அந்த நிமிடத்திலிருந்து அதை யாரும் அது இது என்று சொல்லவில்லை. அவர் என்றே சொன்னார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

கல்யாணத்தன்று ஒரு சின்னக் குழப்பம். மண்டபத்துக்கு வந்த மனிதர்கள் அத்தனை பேரும் மாப்பிள்ளைக்குப் பங்காளிகள். ஆகவே எல்லாரும் மாப்பிள்ளை பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பெற்ற தகப்பன் கொம்பையாவும் அங்கேதான், சங்கிலியின் மடியில் பாதியும் நாற்காலியில் பாதியுமாக. பெண் பக்கம் வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். அவற்றுக்கு நடுவே ராமையா மட்டும் பட்டு போர்த்தி நின்றுகொண்டு, வாழைமரத்தின் இலையை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தார்.

"பெண்ணைக் கொடுக்கச் சம்மதம்தானா?" என்று கேட்டார் ஐயர். எந்தப் பக்கமும் பார்க்காமல், தாம்பூலத்தட்டைப் பார்த்துக் கேட்டார்.

ராமையா தலையாட்டினார். மேளம் கொட்டியது. பூவலிங்கம் மூன்று முடிச்சையும் தானே போட்டான். போட்ட பிறகும் கையை எடுக்காமல், முடிச்சு நிற்கிறதா என்று இழுத்து இழுத்துப் பார்த்தான்.

"நின்னுரும், விடுங்க," என்றாள் செவ்வந்தி.

சாப்பாடு முடிந்து கைகழுவும்போது கொம்பையா வந்து மறுவீட்டுக்கு அழைத்தார். வீட்டில் கறி எடுத்துவைத்திருப்பதாகவும் சொன்னார்.

"நீங்க எங்களுக்குப் பங்காளில்லா," என்றார் தவசியாண்டி. "பங்காளி வீட்டுக்கு எவனாவது மறுவீடு போவானா? பொண்ணோட அப்பா வீட்டுக்குத்தான் போகணும். முறைன்னா முறை."

அவர் ராமையாவின் எதிரில் போய்க் கைகட்டி நின்றார். "சம்மந்தி, மறுவீட்டுக்கு நாங்க எப்ப வரலாம்? இன்னைக்கே வரலாமா?"

ராமையா தலையாட்டினார்.

"எல்லாரும் வரலாமா?"

அதற்கும் ஆட்டினார். இவ்வளவு பெரிய மனசுள்ள சம்பந்தி இந்த வட்டாரத்தில் யாருக்கும் வாய்த்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

ரங்கையா அன்றாடம் போகிற வேலைக்குக் கிளம்பினார். உருமி முழங்க ராமையா முன்னால் நடந்தார். அவருக்குப் பின்னால் தவசியாண்டி, சங்கிலி, வெயிலுமுத்து, பிச்சம்மாள், தேங்காய் பழத் தட்டோடு உறவுப் பெண்கள். மணமாலை கழுத்தோடு பூவலிங்கமும் செவ்வந்தியும் எல்லாருக்கும் கடைசியில், வேண்டுமென்றே மெதுவாக வந்தார்கள்.

முதல் வீட்டு வாசலில் ராமையா நின்றார். இதுதான் வீடு போலிருக்கிறது என்று எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள். அந்த வீட்டம்மா வந்து ஒரு கிண்ணம் அரிசி போட்டுவிட்டு உள்ளே போனாள். ராமையா அடுத்த வீட்டுக்கு நடந்தார். செருப்பை மாட்டிக்கொண்டார்கள். அடுத்த வீட்டில் ஒரு பழைய சேலையை எடுத்துவந்து ராமையாவின் முதுகில் போட்டார்கள்.

"பாத்தியாடா," என்றார் தவசியாண்டி தம்பியின் காதில். "மக கல்யாணம்னு தெரிஞ்சு வீட்டுக்கு வீடு துணி எடுத்துக் குடுக்காங்க. நம்மள இந்த ஊர்ல எவனாவது இப்படி மதிச்சிருக்கானா?"

"சொந்தம் நிறையண்ணே. எல்லார் வீட்டுலயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் வீட்டுக்குப் போவாரு போல," என்றார் சங்கிலி.

அந்தத் தெரு முடிந்தது. அடுத்த தெருவும் முடிந்தது. ஊரும் முடிந்து, புளியமரச் சாலையைத் தாண்டி, அடுத்த ஊர் தொடங்கியது. வெயில் சாயத் தொடங்கியது. வெயிலுமுத்துக்குப் பசித்தது. கடைசியில் தவசியாண்டி வேகமாக நடந்து ராமையாவுக்குப் பக்கவாட்டில் போய், மூச்சு வாங்கிக்கொண்டே, மரியாதை குறையாமல் கேட்டார்.

"சம்மந்தி, வீடு இன்னும் தூரமோ?"

ராமையா தலையை ஆட்டினார்.

"தூரமாம்," என்று பின்னால் திரும்பிச் சொன்னார் தவசியாண்டி. எல்லாரும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டும் பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டும் நடந்தார்கள்.